சகாயமேரி காலியாக விட்ட பதினேழு நாட்கள்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நம் ஆய்வு நிலையத்தின் பழைய காவலாளி சின்னப்பனின் மகன் பொம்மிடியிலிருந்து பேசினார். "மேரி டீச்சர் தவறிட்டாங்க சார். விடியக்கால அஞ்சரை இருக்கும். உங்களுக்குச் சொல்லிடுங்கன்னு அவுங்க பையன் சொன்னாரு" என்றார். வாயில் இருந்த நுரையைத் துப்பக்கூடத் தோன்றாமல் நின்றேன். அடக்கம் எப்போது என்று கேட்டேன். மாலை நான்கு மணிக்குப் பள்ளிப்பட்டியில் என்றார்.

நம் நிலையத்தில் வேலை பார்த்தவர்களில் மிச்சம் இருப்பவர்கள் இப்போது ஒரு வேனில் அடங்கிவிடுவோம். நம் ஓய்வுபெற்றோர் மடலுக்குச் சகாயமேரியைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி நீங்கள்தான் என்னைக் கேட்டீர்கள். அவரோடு ஒரே அறையில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவன் என்பதால் கேட்டிருப்பீர்கள். நல்லவர், வல்லவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று. இது நான்காவது. இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

பிற்காலத்தில் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய இடம் தெரியாது. எழுபதுகளின் நடுவில், பொம்மிடிக்கு மேற்கே ஒரு கரட்டின் மேல், ஓடு வேய்ந்த இரண்டு அறைக் கட்டடம். கூரைக்குப் பக்கத்தில் மேற்கு வானத்தைப் பார்த்தபடி ஏரியல்கள். வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் ஒரு செயற்கைக்கோள் அனுப்பும் இரண்டு ரேடியோ அலைகளை நாங்கள் பிடித்துக்கொண்டிருந்தோம். அவை பூமிக்கு வரும் வழியில், காற்றின் மேலடுக்கான அயனி மண்டலத்தைக் கடந்தாக வேண்டும். வெயில் அங்கே காற்றை உடைத்து எலக்ட்ரான்களை உண்டாக்கி வைத்திருக்கும். அந்த எலக்ட்ரான்கள் இரண்டு அலைகளையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. இரண்டுக்கும் நடுவில் விழும் வித்தியாசத்தை எங்கள் கருவியின் பேனா தாளில் எழுதும். எலக்ட்ரான் கூடக் கூடப் பேனா கீழிருந்து மேலே ஏறும். மேல் விளிம்பைத் தொட்டதும் சட்டென்று கீழே விழுந்து மறுபடி ஏறும். அப்படி ஒரு தடவை ஏறி விழுவதற்கு ஒரு சுற்று என்று பெயர்.

இதில் உள்ள சங்கடம் என்னவென்றால், பேனா இப்போது எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இதுவரை எத்தனை சுற்று போயிருக்கிறது என்று தெரிந்தால்தான் தலைக்கு மேல் எவ்வளவு எலக்ட்ரான் இருக்கிறது என்று கணக்குப் போடலாம். அந்த எண்ணிக்கை இன்றோடு முடிவதும் இல்லை. நாளை, நாளை மறுநாள் என்று தொடர்ந்து போகும். கருவியை ஓட்டுவது என் வேலை. தாளைப் படித்து, சுற்றுகளை எண்ணி, மணிக்கு மணி எலக்ட்ரான் அளவைப் பட்டியலில் ஏற்றுவது மேரியின் வேலை. எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் கணக்கில் பி.எஸ்சி. முடித்துவிட்டு, வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கும் தற்காலிக வேலையில் இருந்தார். நான் இரண்டு வருஷத் தகுதிகாண் பருவத்தில் இருந்தேன்.

ஒரு நாள் காந்தப் புயல் வந்தது. பேனா பைத்தியம் பிடித்ததுபோல் ஏறி விழுந்தது. கோட்டின்மேல் கோடு விழுவதால் பிறகு தாளைப் பார்த்து எண்ண முடியாது என்று மேரிக்குத் தோன்றிவிட்டது. நாற்காலியைக் கருவிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேனா விழ விழ அவர் எண்ணைச் சொல்லுவார். நான் குறித்துக்கொள்வேன். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது மூன்று மணி வரை போயிற்று. நடுவில் சாப்பாடு பற்றி ஏதோ கேட்டேன். அவர் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். வாயை மூடிக்கொண்டேன். எல்லாம் அடங்கிய பிறகு, ஆறிப்போன களியைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "எண்ணிக்கிட்டு இருக்கறப்பப் பேசாதீங்க வடிவேல் சார். ஒண்ணு போச்சுன்னா இன்னைக்கு மட்டும் போகாது. நாளைக்கும் போச்சு, நாளானைக்கும் போச்சு."

கோடு விஷயத்தில் அவருக்கு விசித்திரமான ஒரு பயம் இருந்தது. பேனா எழுதும் கோட்டில் எப்போதும் ஒரு சன்னமான நடுக்கம் இருக்கும். நான் ஒருமுறை பேனாவைத் துடைத்து, மை மாற்றி, அழகாக எழுத வைத்திருக்கிறேன் பாருங்கள் என்று பெருமை பேசினேன். அவர் சிரிக்கவில்லை. ரொம்ப ஒழுங்காக இருக்கிற கோட்டைப் பார்த்தால் தனக்குப் பயமாக இருக்கிறது என்றார். அப்போது நான் அதைக் கேலி செய்தேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். கரண்ட் நினைத்தபோது போகும், நினைத்தபோது வரும் காலம் அது. கரண்ட் போனால் கருவியை ஓட்ட இரண்டு லாரி பாட்டரிகளை எந்நேரமும் சார்ஜ் ஏற்றித் தயாராக வைத்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கருவி ஓடும். ஒன்று செத்தால் இரண்டும் செத்த மாதிரிதான். எனக்கு முன்னால் இருந்த ஆபரேட்டர் பாட்டரியைக் காயவிட்டதற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே, அந்த மாசி மாதம் தொப்பூர் பக்கத்தில் என் மாமா மகன் கல்யாணத்தில் மைக்செட்காரரின் பாட்டரி காலை வாரிவிட்டபோது, சைக்கிள் கேரியரில் நிலையத்துப் பாட்டரி ஒன்றைக் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மாமா என்னைத் தட்டிக் கொடுத்தார். அந்தத் தட்டலில் மிதந்தேன் என்றே சொல்ல வேண்டும். மறுநாள் பாட்டரியைக் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, சார்ஜ் ஏற்றும் கடை பூட்டியிருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

திங்கட்கிழமை காலை ஆறேகால் மணிக்குக் கரண்ட் போயிற்று. சூரியன் உதிக்கும் நேரம்தான் எலக்ட்ரான் வேகமாகக் கூடும் நேரம். பாட்டரிக்கு மாற்றினேன். பாட்டரி மீட்டரின் முள் ஒரு துள்ளு துள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டது. தாளை நகர்த்துவது சாவி கொடுத்த கடிகாரம் என்பதால் தாள் மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது. பேனா கீழே விளிம்பில் கிடந்து ஒரு நேர்கோட்டை இழுத்துக்கொண்டு போயிற்று. கம்பிகளைப் பிடுங்கி மாட்டினேன், திருகினேன், முருகனைக் கூப்பிட்டேன். ஐம்பது நிமிஷம். அந்த ஐம்பது நிமிஷமும் நான் பார்த்துக்கொண்டிருந்தது பாட்டரியை மட்டும்தான்.

கரண்ட் திரும்பியதும் பேனா எழுந்து, முன்பு விட்ட உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்று எழுதத் தொடங்கியது. அது எனக்கு ஆண்டவன் கொடுத்த வழியாகத் தெரிந்தது. மழை பொய்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. எங்கள் மானாவாரி நிலத்தில் சாமைகூட எழும்பவில்லை. வீட்டில் ஆறு பேருக்கும் என் ஒருவன் வேலைதான் சோறு. நான் சவர பிளேடை எடுத்து, விளிம்பில் கிடந்த கோட்டைச் சுரண்டினேன். இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவில் அதே மையால் லேசான சரிவாக ஒரு கோடு போட்டேன். லாக் புத்தகத்தில் மின்தடை இல்லை என்று எழுதினேன். எட்டரை மணி பஸ்ஸில் மேரி வந்து குடையை மாட்டிவிட்டு வணக்கம் சொன்னபோது நானும் சொன்னேன்.

அவர் என் கோட்டை நம்பி எண்ணினார். அடுத்த தடவை கருவியை நிறுத்திப் பழுதுபார்த்துப் புதிதாக எண்ணத் தொடங்கும் வரை பதினேழு நாள். பட்டியல் தலைமையகத்துக்குப் போயிற்று. ஒரு மாதம் கழித்து, அங்கே எங்கள் ஆய்வை நடத்திவந்த பேராசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. நம் பகுதி அயனி மண்டலத்துக்கு அவர் ஒரு சூத்திரம் உண்டாக்கிக்கொண்டிருந்தார். எந்த மாதத்தில் எந்த மணிக்கு எவ்வளவு எலக்ட்ரான் இருக்கும் என்று அது சொல்லும். சிற்றலை ஒலிபரப்புக்கு அலைவரிசை தேர்ந்தெடுக்க உதவும் என்று அதற்காகப் பலர் காத்திருந்தார்கள். மாசியில் எலக்ட்ரான் திடீரென்று குறைந்து பதினேழு நாள் அப்படியே கிடப்பது இதுவரை யாரும் பார்க்காத ஒன்று, அதற்காகவே சூத்திரத்தில் ஓர் உறுப்பைப் புதிதாகச் சேர்த்திருக்கிறேன், நேரில் வந்து உங்கள் இருவரையும் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். என் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவையும் அப்போதே கொண்டுவருவதாக ஒரு வரி.

மேரி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு பீரோவைத் திறந்து அந்த மாதத்துச் சுருளை எடுத்தார். சாயங்காலம் வரை அதிலேயே குனிந்திருந்தார். மறுநாள் காலை நான் உள்ளே நுழைந்தபோது தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்குத் தாள் மெலிந்து, வெளிச்சம் கசிந்தது. அதற்கு மேலே என் கோடு, ஒரு நடுக்கமும் இல்லாமல். தாள் மட்டமான தாள் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். சுருளைச் சுற்றி மேசைமேல் வைத்தார்.

அந்த இரவு எனக்குத் தூக்கம் இல்லை. காலையில் அவர் பஸ்ஸைவிட்டு இறங்கும் இடத்திலேயே போய் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கரட்டில் ஏறும்போதே வழியையும் சொன்னேன். கரண்ட் இல்லாத நேரத்தில் பேனா ஏறி விழுந்திருக்க வேண்டிய ஒரு சுற்றை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். அந்தப் பதினேழு நாளுக்கும் ஒரு சுற்றைக் கூட்டித் திருத்தப் பட்டியல் அனுப்பிவிடுங்கள், எண்ணும் சரியாகிவிடும், யாருக்கும் சேதமில்லை என்றேன். கெஞ்சினேன் என்பதே சரி. அவர் மூச்சு வாங்க நின்றார்.

"போனது ஒரு சுத்துதான்னு நீங்க பார்த்தீங்களா சார்?"

இல்லை என்றேன்.

"நானும் பார்க்கல. ஒண்ணா இருக்கலாம், ரெண்டா இருக்கலாம். பேனா எழுதாதத நாம எழுதக் கூடாதுங்க."

அப்படியென்றால் பேராசிரியரிடம் சொல்லிவிடுவீர்களா என்று கேட்டேன். "அது உங்க வாயால வரணும்ங்க. நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிரும். ஆனா அந்த நாளுங்களுக்கு நேரா நான் எண்ணு போட மாட்டன்" என்றார். சொல்லிவிட்டு மேலே ஏறத் தொடங்கினார். பேராசிரியர் வர நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் நாங்கள் வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று முடிவெடுப்பேன். ஒவ்வொரு காலையும் அந்த முடிவு வீட்டிலேயே தங்கிவிடும்.

சேலத்திலிருந்து ஜீப் பதினொரு மணிக்கு வந்தது. பேராசிரியர் தண்ணீர் குடித்துவிட்டு முதலில் கேட்டது மாசி மாதப் பட்டியலைத்தான். மேரி தான் திருத்தி எழுதியதைக் கொடுத்தார். பதினேழு வரிசை காலியாக இருந்தது. இது என்ன என்று கேட்டார். மேரி மேசைக்கு அந்தப் பக்கம் நின்றார். உடனே பதில் சொல்லவில்லை. கருவியின் கடிகாரம் டக்டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. நான் பாட்டரிகளைப் பார்த்தேன், கதவைப் பார்த்தேன், என் செருப்பைப் பார்த்தேன். மேரி என்ன சொல்வது என்று யோசிக்கிறார் என்று நினைத்தேன். என் பெயர் வரப்போகிறது என்று காதை அடைத்துக்கொள்ளாத குறையாக நின்றேன்.

"அந்த நாளுங்களோட சுத்து எண்ணிக்கை எனக்குத் தெரியாதுங்க சார். மொதல்ல அனுப்புன எண்ணு தப்பு. கவனிக்காம அனுப்பிட்டன்."

பேராசிரியருக்கு முகம் சிவந்தது. தாளைப் படிக்க வைத்திருக்கும் ஆளுக்குத் தாள் தெரியாதென்றால் எதற்கு இந்த நிலையம் என்றார். ஒரு மாத உழைப்பையும் ஒரு கட்டுரையையும் மண்ணாக்கிவிட்டாய் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, அன்றைக்குக் கருவி ஒழுங்காக ஓடியதா என்று கேட்டார். இதைவிட நேராக ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "லாக் புக்குல எழுதியிருக்குதுங்க சார்" என்றேன்.

அவ்வளவுதான் நான் பேசியது. அவர் லாக் புத்தகத்தைப் பிரித்தார். மின்தடை இல்லை. மூடினார். அதே மேசைமேல் வைத்து என் நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டார். மேரி பட்டியலை ஒழுங்காக அடுக்கிக் கோப்பில் வைத்துக்கொண்டிருந்தார். அந்த மாதக் கடைசியில் அவருடைய வேலை முடிந்தது. யாரும் புதுப்பிக்கவில்லை.

அந்தப் பதினேழு நாளை விட்டுவிட்டுப் பேராசிரியர் மறுபடி கணக்குப் போட்டார். புதிதாகச் சேர்த்த உறுப்பு தானாகக் கழன்று விழுந்தது. பின்னால் மற்ற நிலையங்களின் அளவுகள் வந்து சேர்ந்தபோது எந்த இடத்திலும் அந்தக் குறைவு இல்லை. சூத்திரம் நின்றது. அச்சில் ஏறவிருந்த அசிங்கத்திலிருந்து தன்னைக் காப்பாற்றியது யார் என்று தெரியாமலே அவர் காலமானார். மேரி பாலக்கோட்டில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராகி முப்பது வருஷத்துக்குமேல் இருந்தார். அங்கே அவரிடம் படித்தவர்கள் அவரைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதுவார்கள்.

ஆனால் நம் நிலையத்தில் அவர் பெயர் வேறு மாதிரி நிலைத்தது. பதினேழு நாளைத் தொலைத்த மேரி. உங்களில் பாதிப் பேர் அவரைப் பார்த்ததுகூட இல்லை. கதை தெரியும். யார் சொன்னது என்று யோசித்துப் பாருங்கள். நிலையப் பொறுப்புக்கு வந்த பிறகு, புதிதாகச் சேர்கிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கு உதாரணமாக அதை நானே சொல்லியிருக்கிறேன். சிரிக்கவும் வைத்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு தரம் பள்ளிப்பட்டிக்குப் போய் அவரைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். காபி கொடுத்தார். பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். நான் மென்று விழுங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து அவரே ஆரம்பித்தார்.

"அன்னைக்கு அவரு கேட்டப்ப நான் உடனே பதில் சொல்லல, கவனிச்சீங்களா சார்? உங்களுக்காகத்தான் நேரம் வுட்டன். இப்பப் பேசுவாரு, இப்பப் பேசுவாருன்னு நின்னன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோபம் இருக்கிறதா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். "இருக்குதுங்க. இல்லன்னா பொய்யாப் போயிரும்" என்றார். எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம் என்று சொல்லி, வாசல் வரை வந்து வழியனுப்பினார். அதற்குப் பிறகும் பதினோரு வருஷம் போயிற்று. நான் சொல்லவில்லை.

அன்று அடக்கத்துக்கு நம்மில் ஏழு பேர் போயிருந்தோம். மாதா கோயிலில் பூசை முடிந்து பெட்டியைத் தூக்கும்போது, என் பக்கத்தில் நின்ற நம் நண்பர் ஒருவர், யார் என்று சொல்ல மாட்டேன், அவர்மேல் தப்பும் இல்லை, பாசமாகத்தான் சொன்னார்: "பாவம், நல்ல மனுசிங்க. அந்தப் பதினேழு நாள மட்டும் தொலைக்காம இருந்திருந்தா எங்கியோ போயிருப்பாங்க." ஆமாம் என்பதுபோல் நான் தலையை ஆட்டினேன். மேரியின் பெட்டிக்கு நாலடி தூரத்தில் நின்றுகொண்டு ஆட்டினேன்.

பெரியவர்களைப் பற்றி எழுதும்போது அவர்களிடமிருந்து நமக்கு மிஞ்சியது என்ன என்று கடைசியில் சொல்வது வழக்கம். மேரியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, பேராசிரியர் கேட்ட கேள்விக்கும் அவர் சொன்ன பதிலுக்கும் நடுவில் எனக்காக அவர் காலியாக விட்டு வைத்த அந்தச் சில நொடிகள். வேறு எதுவும் இல்லை.

அதில் நான் பேச வேண்டியதை இங்கே எழுதியிருக்கிறேன். இனி நீங்கள் அந்தக் கதையை யாரிடமாவது சொன்னால், பதினேழு நாளைத் தொலைத்தது வடிவேல் என்று சொல்லுங்கள்.